மெக்கானிக் அப்பா பேசுவதை பாட்காஸ்டாகப் போட ஆசை, எதிலிருந்து தொடங்குவது?

பட்டறை மகள், அறந்தாங்கி

எல்லோருக்கும் வணக்கம். அப்பா இங்கே டூவீலர் மெக்கானிக். கடை சின்னது, இரண்டு வண்டி உள்ளே ஏறிவிட்டால் மூன்றாவது ரோட்டில்தான் நிற்கும். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கடைக் கணக்கு எழுதப் போவேன்.

சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அப்பாவுக்கு ஓயாமல் போன் வரும். "அண்ணே, சத்தத்தக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். அப்பா கொஞ்ச நேரம் கேட்பார். அப்புறம் "கிளட்சப் பிடி, இப்பக் குறையுதா?" என்பார். "காலையில மொதத் தடவ உதைக்கிறப்ப வருதா, ஓடிச் சூடானப்புறம் வருதா?" என்பார். நாலைந்து கேள்விதான். ஒன்று, ஆளைக் கடைக்கு வரச் சொல்வார். இல்லையென்றால் "ஒண்ணுமில்ல, செயினுக்கு எண்ண போட்டு டைட் வச்சிக்க, வீணா செலவு பண்ணாத" என்று போனை வைத்துவிடுவார். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. வண்டிச் சத்தத்தைப் போட்டுக் காட்டி, அது என்ன கோளாறு என்று அப்பா சொல்கிற மாதிரி ஒரு பாட்காஸ்ட்.

தம்பி சும்மா ஒரு நாள் போனில் ரெக்கார்ட் செய்து பார்த்தான். இரண்டு சிக்கல். முதலாவது அப்பா. ரெக்கார்ட் ஓடுகிறது என்று தெரிந்தவுடன் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இருசக்கர வாகனங்களைப் பராமரிப்பது எவ்வாறு என்பதை இன்று காண்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறார். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் எதையும் "காண்போம்" என்று சொன்னதில்லை. இரண்டாவது, இன்ஜின் சத்தம். ஸ்டார்ட் செய்தவுடன் நன்றாக விழுகிறது, ஒரே நொடியில் அமுங்கிப்போய், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடுகிறது. அப்பா பேசினால் மட்டும் பேச்சு தெளிவாக இருக்கிறது.

சித்தப்பா மகன் ஸ்டாண்ட், பஞ்சு, வலை எல்லாம் சேர்ந்து வருகிற கண்டென்சர் மைக் வாங்கச் சொல்கிறான். என்னிடம் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது, ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அந்த மைக்கை வாங்கலாமா? எங்கே ஏற்றுவது? முன்னால் சினிமாப் பாட்டு கொஞ்சம் போடலாமா? கம்பெனிப் பெயர் சொல்லி வண்டியைப் பற்றிப் பேசினால் பிரச்சினை வருமா?

பழைய மைக்செட்காரன், தஞ்சாவூர்

வணக்கம்மா. உங்கள் போன் நல்ல போன்தான், கோளாறு ஒன்றும் இல்லை. போன் என்பது மனிதக் குரலுக்காகச் செய்தது. ஒரே சீராக ஓடுகிற சத்தம் எதைக் கேட்டாலும் அதை இரைச்சல் என்று நினைத்துக் கழித்துக்கட்டும். ஃபேன், ஏசி, இன்ஜின் எல்லாம் அதற்கு ஒன்றுதான். முதல் நொடியில் நன்றாக விழுந்து, அப்புறம் அமுங்குவது அதனால்தான். கூடவே, சத்தம் கூடினால் தானாகக் குறைக்கிற வேலையும் உள்ளே நடக்கும். அப்பா பேசுவது தெளிவாக இருப்பதும் அதே காரணத்தால்தான். ஊருக்கெல்லாம் இரைச்சலாக இருப்பது உங்களுக்குச் சரக்கு. அதனால் மற்றவர்கள் தேடித் தேடி வாங்குகிற, இரைச்சலைக் குறைக்கும் "நாய்ஸ் ரிடக்‌ஷன்" உங்களுக்கு எதிரி.

ரெக்கார்டர் ஆப்பின் அமைப்புகளுக்குள் போய் நாய்ஸ் சப்ரஷன், ஆட்டோ கெயின், எக்கோ கேன்சல் என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 7-லிருந்து "அன்ப்ராசஸ்ட்" என்று, கை வைக்காத ஒலியை எடுக்க ஒரு வழி உண்டு. சில போன்களில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது, போட்டுப் பாருங்கள். சேமிப்பது வேவ் (WAV), அதாவது சுருக்காத ஒலிக் கோப்பாக இருக்கட்டும். நிமிடத்துக்கு 5 எம்பி போல இடம் பிடிக்கும், பரவாயில்லை. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் வாடிக்கையாளர் அனுப்புகிற சத்தத்தை நிகழ்ச்சியில் போட நினைக்காதீர்கள். அதில் பாதி ஏற்கனவே செத்திருக்கும்.

போனை சைலன்சருக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. புகைக் காற்று மைக்கில் அடித்து "புடுபுடு" என்று வேறொரு சத்தம் சேரும். இன்ஜின் ஹெட்டுக்குப் பக்கவாட்டில் அரை கை தூரம் தள்ளிப் பிடியுங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது ரெக்கார்டர் ஆப்பில் சத்த அளவைக் காட்டுகிற மீட்டர் சிவப்பைத் தொடக்கூடாது, அதற்கேற்ப கெயினை, அதாவது மைக் உள்ளே எடுக்கிற ஒலி அளவை, முதலிலேயே குறைத்து வையுங்கள். உடைந்து பதிவான சத்தத்தைப் பிறகு எந்த மென்பொருளும் ஒட்டவைக்காது.

இன்னொன்று. கேட்கிறவர்களில் நிறையப் பேர் போன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். ஸ்ப்ளெண்டர் மாதிரி நாலு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் வண்டி, ஐடிலில் நிமிடத்துக்கு 1400 சுற்று என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கிறது. அதாவது விநாடிக்குப் பன்னிரண்டு வெடிக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு கீழான அதிர்வு போன் ஸ்பீக்கரில் வராது. அதனால் கனமான சத்தத்தை நம்பி எபிசோட் எடுக்காதீர்கள். டாப்பெட் "டிக் டிக்", கேம் செயின் உரசல், பிரேக் ஷூ கீச்சல் இதெல்லாம் மேல் சுருதி, சின்ன ஸ்பீக்கரிலும் தப்பிக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100 ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்த வண்டியை 1996-இல் நிறுத்தினார்கள், அதன் சைலன்சர் பற்றிய பேச்சை மட்டும் இன்னும் யாரும் நிறுத்தவில்லை. அதை எப்போதாவது ஒரு ஸ்பெஷலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மைக் விஷயம். கண்டென்சர் வேண்டாம். அது ஊரில் உள்ள எல்லாச் சத்தத்தையும் இழுக்கும். உங்கள் கடை ரோட்டோரம், ஏர்ஹார்ன் அடித்துக்கொண்டு பஸ் போகும். சட்டையில் குத்துகிற காலர் மைக் ஒன்று வாங்குங்கள். போயா பிஒய் எம்1 மாதிரி மைக் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், ஒயர் 6 மீட்டர் நீளம். போனில் இயர்போன் ஓட்டை இல்லையென்றால் டைப் சி மாற்றி ஒன்று சேர்த்து வாங்க வேண்டும். மைக் ஒயரில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், போன் பக்கம் தள்ளிவைத்தால் பேட்டரி தேவையில்லை. மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, இரண்டாவது பட்டன் பக்கத்தில் குத்துங்கள். ஒயரைச் சட்டைக்குள் விட்டு, ஓரிடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். குனிந்து நிமிர்கிற வேலை, ஒயர் ஆடினால் துணிச் சத்தம் எல்லாம் உள்ளே வரும். இன்ஜின் அருகே போகும்போது ஒயர் செயினில் மாட்டாமல் தம்பி பார்த்துக்கொள்ளட்டும், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மிச்சம் இரண்டாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது அப்பா "காண்போம்" என்று சொல்வது. அது கூச்சம்மா. நாற்பது வருடமாகக் கல்யாண வீட்டில் மைக்கை நீட்டுகிறவன் நான், வாசலில் நின்று நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், மைக் கைக்கு வந்ததும் மேடைப் பேச்சாகிவிடும். அவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லாதீர்கள். மைக்கைச் சட்டையில் குத்திவிட்டு வேலை பார்க்கச் சொல்லுங்கள். வண்டியோடு வருகிற ஆளிடம் அவர் பேசுவதுதான் நிகழ்ச்சி.

உங்கள் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. அவர் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் எழுதிக்காட்டியது எல்லாம் அவர் கேட்ட கேள்விகள். கிளட்ச் பிடித்தால் குறைகிறதா, சூட்டில் வருகிறதா. ஒவ்வொரு கேள்வியும் கோளாறில் பாதியைத் தள்ளிவிடுகிறது. அந்த வரிசைதான் கேட்கிறவனுக்குப் பயன்படும். ஒரு எபிசோடுக்கு ஒரு கம்ப்ளைன்ட். முதலில் வெறும் சத்தம், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் அப்பாவின் முதல் கேள்வி. பத்து நிமிடம் தாராளம்.

வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். பேச்சில் போன் நம்பர், வீட்டு விவரம் வந்தால் வெட்டிவிடுங்கள். கம்ப்ரஸரை அணைத்துவிடுங்கள், அது காற்று குறைந்தால் தானாக ஓட ஆரம்பிக்கும், சரியாக நல்ல இடத்தில் ஆரம்பிக்கும்.

சேலம் பயணி

எதற்கு இவ்வளவு சிரமம்? வீடியோ எடுத்து யூடியூபில் போடுங்கள். எந்த நட்டைக் கழற்ற வேண்டும் என்பதைக் காதால் எப்படித் தெரிந்துகொள்வது? தமிழில் பாட்காஸ்ட் கேட்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

ஓவர்லாக், திருப்பூர்

நான் இருக்கிறேன் சார், ஒருத்தன். பனியன் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தால் கண்ணும் கையும் துணியில் இருக்கும், காது மட்டும்தான் சும்மா இருக்கும். எங்கள் லைனில் பாதிப் பேர் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதான் தைக்கிறோம். வீடியோ போட்டால் பார்க்க முடியாது. இரண்டு வண்டி வைத்திருக்கிறேன், இரண்டிலும் ஏதோ சத்தம் வருகிறது, மெக்கானிக்கிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. "ஒரு மாதிரி சத்தம் வருதுண்ணே" என்றுதான் சொல்வேன், அவரும் ஒரு மாதிரி பில் போடுவார். இந்த நிகழ்ச்சி எனக்காகவே வைத்த மாதிரி இருக்கிறது.

அக்கா, கேட்கிறவன் சார்பில் சிலது சொல்கிறேன். அப்பா "இத இப்படித் திருப்பணும், அதுல ஒரு சத்தம் வரும்" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. எது, எந்தப் பக்கம்? "வலது பக்கம் கிக்கர் இருக்கிற மூடி, கிளட்ச் அதுக்குள்ளதான் இருக்கு" என்று சொன்னால் மனசில் படம் வந்துவிடும். அவர் மறந்தால் பக்கத்தில் நிற்கிற நீங்கள் "எதுப்பா?" என்று கேளுங்கள். நீங்கள் அங்கே இருப்பதற்கே அது போதுமான வேலை.

பாட்டு வேண்டாம். சில நிகழ்ச்சிகளில் முன்னால் ஒரு நிமிடம் மியூசிக் ஓடும், அப்புறம் "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க". அதற்குள் நான் வேறு எதற்காவது போயிருப்பேன். இன்ஜின் சத்தத்தோடேயே ஆரம்பியுங்கள். சத்தம் மட்டும் ஏறி இறங்கக் கூடாது. பேச்சு கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டி வைத்திருப்போம், திடீரென்று இன்ஜின் அலறினால் ஊசி விரலில் ஏறிவிடும்.

சேலம் சார் கேட்டதற்கு: நட்டைக் கழற்றுவது வீடியோ வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். எந்த நட்டைக் கழற்றவே தேவையில்லை என்று சொல்வதற்குப் படம் எதற்கு?

ஸ்பேர் பார்ட்ஸ், மணப்பாறை

பழைய வண்டியோடு நிறுத்திவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததிலிருந்து ஸ்ப்ளெண்டர், எக்ஸ்எல் 100 எல்லாம் எஃப்ஐ, அதாவது கார்ப்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கிற ஃபியூயல் இன்ஜெக்ஷன். கார்ப்பரேட்டர் டியூன் பண்ணப் பழகின மெக்கானிக்குகள் பலர் அதைத் தொடவே தயங்குகிறார்கள். அதிலும் காதுக்கு வேலை இருக்கிறது. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், டேங்க் பக்கமிருந்து "ஙீ..." என்று ஒன்றிரண்டு விநாடி பெட்ரோல் பம்ப் ஓடி நிற்கும். அந்தச் சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ஒயர், பம்ப் இப்படித்தான் தேட வேண்டும், சும்மா உதைத்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் அந்தச் சத்தத்தைக் கவனித்ததே இல்லை என்கிறார்கள். இதை ஒரு எபிசோடாகப் போட்டால் என் கடையில் எல்லோருக்கும் லிங்க் அனுப்புவேன்.

வலைப்பதிவுக் காலத்து ஆள், சிங்கப்பூர்

எங்கே ஏற்றுவது என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

பாட்காஸ்ட் என்பது ஒரு ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது புதிதாக வருவதை ஆப்கள் தானாக எடுத்துக்கொள்கிற ஒரு இணையப் பட்டியல், அதில் ஆடியோவின் முகவரி இருக்கும், அவ்வளவுதான். நாங்கள் வலைப்பதிவு எழுதின காலத்து அதே ஆர்எஸ்எஸ். 2005-இல் ஆப்பிள் ஐட்யூன்ஸில் அதைச் சேர்த்த பிறகுதான் பரவியது. ஆடியோவை ஓரிடத்தில் ஏற்றுகிறீர்கள், அந்த ஓடையின் முகவரியை மற்ற ஆப்களுக்குக் கொடுக்கிறீர்கள், அவை வந்து எடுத்துக்கொள்கின்றன. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்டது. அதில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆப்புக்குப் போனார்கள், ஓடை வைத்திருந்தவர்களின் நிகழ்ச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் எந்த நிறுவனத்தில் ஏற்றினாலும் ஆர்எஸ்எஸ் முகவரி கிடைக்கிறதா, பிறகு வேறிடத்துக்கு மாற்ற விடுகிறார்களா என்று பாருங்கள்.

இலவசமாகத் தொடங்க ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் போதும். முன்பு ஆங்க்கர் என்ற பெயரில் இருந்தது, 2019-இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது. அமைப்புகளில் ஆர்எஸ்எஸ்ஸை இயக்கி, அந்த முகவரியை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கனெக்ட் தளத்தில் கொடுங்கள். ஐபோன் வேண்டாம், ஆப்பிள் கணக்கு ஒன்று இருந்தால் லேப்டாப்பிலேயே முடியும். ஓடையில் போடுகிற மின்னஞ்சல் எல்லோர் கண்ணிலும் படலாம், அதனால் சொந்த ஐடியைக் கொடுக்காமல் நிகழ்ச்சிக்கென்று புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். அட்டைப் படம் சதுரமாக 3000க்கு 3000 பிக்சல். போனில் அது தபால்தலை அளவுக்குத்தான் தெரியும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். நிகழ்ச்சிப் பெயர் தமிழில் இருந்தாலும், விளக்கத்தில் ஆங்கில எழுத்திலும் ஒரு முறை எழுதுங்கள். நம்மவர்கள் தேடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி. இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். திருப்பூர் நண்பர் சொன்ன ஏற்ற இறக்கத்துக்கு: பேச்சையும் இன்ஜினையும் தனித் தனி டிராக்கில் வைத்து, இன்ஜினைக் காதுக்கு இதமான அளவுக்கு இறக்குங்கள். கடைசியில், மொத்தச் சத்த அளவைச் சீராக்குகிற லௌட்னஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 16 LUFS கொடுங்கள், ஆப்பிள் பரிந்துரைக்கிற அளவு அது. ஒற்றைத் தடமான மோனோவில், 96 கேபிபிஎஸ் எம்பி3 ஆக எடுத்தால் பத்து நிமிடம் 7 எம்பியைச் சுற்றி வரும். அதையே வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பலாம். ஆரம்பத்தில் உங்கள் நேயர்கள் அப்பாவின் போனில் சேமித்து வைத்திருக்கிற வாடிக்கையாளர்கள்தான், ஆப்பை இறக்கச் சொல்லி அவர்களைப் படுத்தாதீர்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாம். பத்து விநாடி வரைக்கும் போடலாம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அப்படி ஒரு சலுகை சட்டத்தில் இல்லை. கம்பெனிப் பெயர் சொல்லலாம், எந்த வண்டி என்று சொல்லாமல் எப்படிப் பேசுவது? "இந்த வண்டியில் இந்தச் சத்தம் இதனால் வந்தது, இப்படிச் சரிசெய்தோம்" என்பது வேலை அனுபவம். "அந்தக் கம்பெனி வண்டியே தண்டம், ஏமாத்துறான்" என்பது வேறு. அதை வெட்டிவிடுங்கள்.

பட்டறை மகள், அறந்தாங்கி

எல்லோருக்கும் நன்றி. காலர் மைக் வந்துவிட்டது. அப்பாவிடம் "நீங்க பேச வேணாம்பா, வேலையப் பாருங்க" என்று சொல்லிக் குத்திவிட்டேன். முதல் வண்டி வரைக்கும் அடிக்கடி மைக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆவுடையார்கோயில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, "இன்ஜின்ல கரகரன்னு வருதுண்ணே, ஃபுல் இன்ஜின் வேலன்னு ஒருத்தர் சொல்லிட்டார்" என்றார். அவ்வளவுதான், மைக் மறந்துபோய்விட்டது.

அப்பா ஸ்டார்ட் கூடப் பண்ணவில்லை. "சாவிய எடு. நியூட்ரல்ல போட்டுத் தள்ளு" என்றார். அவர் தள்ளினார், கரகர வந்தது. "இன்ஜின் ஓடலையே, அப்புறம் இன்ஜின் சத்தம் எப்படி?" என்று அப்பா கேட்டார். அந்த ஆள் பதில் பேசவில்லை. அப்பா பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார், செயினைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றினார், அப்போதும் வந்தது. சக்கர பேரிங். இது முழுக்கப் பதிவாகியிருக்கிறது, தள்ளும்போது அவர் செருப்புச் சத்தம் உட்பட. "எதுப்பா, எந்தப் பக்கம்?" என்று நடுவில் நான் கேட்டதற்கு மட்டும் "உனக்குத் தெரியாதா?" என்று முறைத்தார்.

ஒரு சந்தேகம். பேரிங்கைக் கழற்றினபோது கிரீஸ் காய்ந்துபோய்த் துருவாக இருந்தது. அப்பா அவரை நன்றாகத் திட்டிவிட்டார். "மாடு வச்சிருந்தா தண்ணி காட்ட மாட்டியா?" என்று ஆரம்பித்து இரண்டு மூன்று நிமிடம். கெட்ட வார்த்தை இல்லை, ஆனால் திட்டுதான். அதை வெட்டணுமா, வைக்கலாமா? தம்பி அதுதான் நிகழ்ச்சியிலேயே பெஸ்ட் என்கிறான்.

பழைய மைக்செட்காரன், தஞ்சாவூர்

தம்பி சொல்வது சரி. ஆனால் முடிவு செய்ய வேண்டியது தம்பி இல்லை, திட்டு வாங்கினவர். அந்தப் பகுதியை அவருக்கே அனுப்பிக் கேட்க வையுங்கள். சரி என்றால் பெயர், ஊர் இரண்டையும் எடுத்துவிட்டு முதல் அரை நிமிடத்தை மட்டும் வையுங்கள். மாடு வரைக்கும் போதும். வேண்டாம் என்றால் வெட்டிவிட்டு, கிரீஸ் எப்போது மாற்ற வேண்டும் என்பதை அப்பாவிடம் தனியாகக் கேட்டுச் சேருங்கள்.

கையால் சக்கரம் சுற்றுகிற சத்தத்தை, செயினோடு ஒரு தடவை, செயின் இல்லாமல் ஒரு தடவை, கம்ப்ரஸர் அணைத்த நேரத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கேட்கிறவனுக்கே வித்தியாசம் தெரியும். பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாமல் இருந்தால் விரலில் மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள், மைக்குக்குக் கிட்டே.

நாலைந்து எபிசோட் கையில் சேர்ந்த பிறகு வெளியிடத் தொடங்குங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பலமாக இருக்கும். அதற்கு முன்னால், பிளக்கில் ஈரம் ஏறி மிஸ் அடிக்கிற சத்தத்துக்கு ஒன்றும், தண்ணீரில் முங்கின வண்டியை ஏன் உடனே உதைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு ஒன்றும் தயாராக இருக்கட்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துபோகும் என்பதை அப்பா அவர் பாணியில் சொல்லட்டும், அதில் திட்டு இருந்தாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.